பின் இடது மூலை

இந்த வட்டாரத்தில் என்னை எல்லாரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி போடும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவதால் வந்த பட்டம் என்று நான் சொல்லிக்கொள்வேன். என் காதுகளை நேரில் பார்த்தவர்கள் அதை நம்புவதில்லை. என் மனைவிக்கு இரண்டு காரணத்திலும் நம்பிக்கை இல்லை. "நான் பேசினா கேக்காத காதுக்குப் பேரு ஒரு கேடா?" என்பாள்.

குளிர்காலம் வந்தால் எனக்கு வேலை குவியும். வண்டியின் உடம்பும் சக்கரமும் சேரும் இடங்களில் எல்லாம் புஷ் என்று ஒரு ரப்பர் துண்டு இருக்கும், எலும்புக்கு நடுவே ஜவ்வு இருப்பதுபோல. குளிரில் அது விறைத்துப்போய் ஒவ்வொரு பள்ளத்திலும் கீச்சென்று கத்தும். குலுக்கலைத் தாங்கும் ஷாக் என்ற குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் கெட்டிப்பட்டு டொக் டொக் என்று இடிக்கும். வெயில் ஏறியதும் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். என் பட்டறையில் பெரிய ஹீட்டர் ஒன்று உண்டு. உள்ளே வந்து கொஞ்ச நேரம் நின்றாலே எந்த வண்டியும் பரம சாதுவாகிவிடும். "காலைல கத்துச்சுங்க, சத்தியமா கத்துச்சுங்க" என்று வண்டிக்காரர்கள் குற்றவாளியைப் போலக் கையைப் பிசைவார்கள். நான் எப்போதும் நம்புவேன். என்னிடம் உள்ள நல்ல குணம் அது ஒன்றுதான் என்பதால் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்படி ஒரு காலையில்தான் அக்கா வந்தாள். என் உடன்பிறந்தவள். ஒரு தையல் கடையில் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துக் கொடுக்கும் வேலை. வண்டியை உள்ளே நிறுத்திவிட்டு, வருகிறவர்களுக்காக நான் போட்டிருக்கும் பழைய கார் சீட்டில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

"பின்னால இடது பக்கம் சத்தம் வருதுடா."

"எப்போ?"

"காலைல. கிளம்புறதுக்கு முன்னாடி."

"கிளம்பினதும்னு சொல்லு."

"காது பெருசா இருந்தா போதுமா? கேக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி. வண்டி சும்மா நிக்கும்போது."

சும்மா நிற்கும் வண்டிக்கு அடியிலிருந்து சத்தம் வராது. யாராவது ஏறினால் வரும், இறங்கினால் வரும். அதைச் சொன்னேன்.

"அதேதான்டா" என்றாள் அக்கா. குரல் தணிந்துவிட்டது. "யாரோ ஏறுற மாதிரி. முதல்ல க்ர்ர்னு ஒரு முனகல். அந்த மூலை கொஞ்சம் அமுங்கும். அப்புறம் டொக்."

நான் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பின் இடது மூலை யாருடைய இடம் என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கு முழங்கால் மடங்காது. அதனால் முன் சீட்டை முடிந்தவரை முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்வார். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுகிறவளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கியரை மாற்று, விளக்கைப் போடு, அந்த லாரியோடு என்ன போட்டி. அக்கா பதிலுக்கு ஏதாவது சொல்வாள். கல்யாணம் ஆன நாள் முதல் அந்த வண்டிக்குள் ரேடியோவுக்கு வேலையே இருந்ததில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு விடிகாலை அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டாம், நீயே கூட்டிப் போ என்றிருக்கிறார். அக்கா ஓட்டியிருக்கிறாள். வழியெல்லாம் அவர் பேசவில்லை. "உடம்பு முடியலைன்னாதான் நீங்க நல்ல மனுஷன்" என்று கேலி செய்தபடியே போயிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இந்த இடத்தில் எனக்கு எந்த நகைச்சுவையும் வருவதில்லை.

"பையன்கிட்ட சொல்லித் தொலைச்சிட்டேன்டா" என்றாள் அக்கா. "அப்பா ஏறின சத்தம் கேட்டதும் கிளம்பிடுவேன்னு ஒரு நாள் போன்ல வாய் தவறி வந்திடுச்சு. அப்புறம் எதிர்வீட்டுக்காரி வேற சொல்லியிருக்கா. தினம் காலைல உங்கம்மா பின் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு பனியில நிக்கிறாங்கன்னு."

"நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

அவள் மகன் வேறு ஊரில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை வருகிறானாம். வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போவதாக முடிவு செய்துவிட்டான். நல்ல பையன். அதுதான் சிக்கலே. கெட்ட பையனாக இருந்தால் சண்டை போட்டுத் துரத்தியிருக்கலாம்.

"அது வண்டிக் கோளாறுன்னு நீ காட்டணும்டா. காட்டிட்டா எனக்குப் புத்தி சரியா இருக்குன்னு அர்த்தம். விட்டுடுவான்."

"அப்படிக் காட்டிட்டா, அங்க அத்தான் இல்லேன்னும் ஆயிடுமேக்கா."

அக்கா ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆவட்டும். அவரு போயிட்டார்னு எனக்குத் தெரியாதா? எனக்கு என் வீடு வேணும். அடுத்தவங்க வீட்டு ரூம்ல, காலைல எப்போ எழுந்தா அவங்களுக்குத் தொந்தரவா இருக்காதுன்னு கணக்குப் போட்டுக்கிட்டு என்னால கிடக்க முடியாது. பெத்த பிள்ளையா இருந்தாலும்."

அன்று முழுக்க அந்த வண்டியைத் தூக்கி வைத்துக் குடைந்தேன். பின்பக்க ஷாக் இரண்டும் போன வருடம் நானே மாட்டியவை. ஸ்பிரிங்கில் ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு ரப்பரையும் நெம்பிப் பார்த்தேன், எதுவும் ஆடவில்லை. என் வேலை இவ்வளவு நன்றாக இருந்ததற்காக வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

குளிரில் வரும் சத்தத்தைக் குளிரில்தான் பிடிக்க வேண்டும். வண்டியை அன்றிரவு அக்கா வீட்டு வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, விடிந்தும் விடியாமலும் மனைவியோடு போய்ச் சேர்ந்தேன். பட்டறையை ஒட்டி உதிரிப் பாகக் கடை நடத்துகிறவள் அவள். என்னைவிட நன்றாக வண்டி ஓட்டுவாள், அதை மறக்கவும் விடமாட்டாள்.

தெரு விளக்குகள் இன்னும் எரிந்தன. குப்பைத் தொட்டிகளின் மூடி மேல் பனி உப்புப் போல உறைந்திருந்தது. அக்காவின் வண்டிக் கண்ணாடி முழுக்க வெள்ளையாக, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. மூலையைக் கையால் அழுத்தி ஆட்டினேன். சத்தமில்லை. மேலே ஏறி உட்கார்ந்து குதித்தேன். சத்தமில்லை.

"உங்க பாரத்துக்கே கத்தலைன்னா அந்த வண்டிக்கு எவ்வளவு பொறுமை பாருங்க" என்றாள் மனைவி, டார்ச்சைப் பிடித்தபடி.

என் தொழிலில் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. பெருமையாகச் சொல்லக்கூடியதல்ல. சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாவிட்டால் நான் டிக்கிக்குள் படுத்துக்கொள்வேன், மனைவி ஓட்டுவாள். ஒரு கை பின் சீட்டின் முதுகில், இன்னொரு கை சக்கரத்துக்கு மேலே புடைத்திருக்கும் தகட்டில். காது செய்ய முடியாததை உள்ளங்கை செய்துவிடும். ஊரில் உள்ள பள்ளம் ஒன்றையும் விடாமல் ஓட்டுவாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் மனம் நிறைந்து சிரிப்பது அந்தச் சமயங்களில்தான். ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "இவரை எங்கம்மா கொண்டு போறீங்க?" என்று கேட்டார். "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றாள்.

அன்றும் படுத்துக்கொண்டேன். மூடி விழுந்தது. இருட்டு. இரும்பின் குளிர் சட்டை வழியாக முதுகில் ஏறியது. கண்ணாடிப் பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு பின் கதவு ஒன்று திறக்கும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

க்ர்ர்.

வலது கைக்குக் கீழே இருந்த தகடு மெல்ல இறங்கியது. இடது கை பட்டிருந்த சீட்டின் முதுகு என் உள்ளங்கையை நோக்கிச் சாய்ந்தது. ஒரே அடியாக அல்ல. முதலில் இடுப்பு படும் இடம், பிறகு முதுகு, கடைசியில் தோள். வலியுள்ள காலைப் பார்த்துப் பார்த்து உள்ளே இழுத்துவைத்துக்கொள்கிறவர் உட்கார்வது போல. பிறகு அடியில் டொக். கதவு மூடியது.

"அக்கா, நீயும் வரியா?" என்றேன்.

முன்னால், கண்ணாடிக்கு அப்புறத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. "யார்கிட்ட பேசுறீங்க?"

"அக்கா பின்னால ஏறிட்டா, பாரு."

"அண்ணி இதோ என் பக்கத்துல நிக்கிறாங்க. பின்னால ஒருத்தரும் இல்ல."

என் கை இன்னும் சீட்டின் முதுகில் இருந்தது. அந்த அழுத்தமும் இருந்தது. அது லேசாக உயர்ந்து தணிவது போலத் தோன்றியது. அதன்பிறகு நான் செய்ததற்கு உதைத்தல் என்று பெயர். டிக்கி மூடியில் நான் போட்ட பள்ளத்தை இரண்டு நாள் கழித்து நானே தட்டி எடுத்தேன்.

வெளியே வந்து நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பயம் இல்லை அவள் முகத்தில். "கேட்டுச்சா?" என்றாள், தன் வீட்டுச் சமையல் எப்படி இருக்கிறதென்று விசாரிப்பதுபோல.

"இன்னொரு தடவை வர வை."

"எப்படிடா? ஏறினவரு ஏறிட்டாரு. திரும்ப எப்படி ஏறுவாரு?"

நான் தொழிலாளி. பயந்தாலும் வேலையைப் பாதியில் விடமாட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், இது ரப்பராக இருக்கட்டும், இது ரப்பராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் மறுநாளும் போனேன். இந்த முறை வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு புஷ்ஷுக்கும் வழுக்கு எண்ணெய் அடித்து ஊறவைத்தேன். கத்துவது ரப்பராக இருந்தால் எண்ணெய் பட்டதும் அடங்கிவிடும். பிறகு டார்ச்சை ஸ்பிரிங்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ தினம் செய்யறதைச் செய்" என்றேன்.

கதவு திறந்தது. பக்கவாட்டில் அக்காவின் செருப்புகள் தெரிந்தன. அவை இரண்டடி பின்வாங்கி நின்றன, வழிவிடுவது போல. பனி படிந்த தரையில் அவற்றின் தடம் மட்டும் தெளிவாக இருந்தது. வேறு கால் இல்லை, வேறு தடம் இல்லை.

என் முகத்துக்கு மேலே ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று நெருங்கின. க்ர்ர். அதில் ஒட்டியிருந்த பனிப் பொடி உதிர்ந்து என் கண்ணில் விழுந்தது. டொக்.

எண்ணெய் அடித்த எந்த ரப்பரும் கத்தவில்லை. எல்லாம் ஊமையாக இருந்தன. சத்தம் போட்டது பாரம்தான், ஆளுக்கு உள்ள பாரம்.

பட்டறைக்குத் திரும்பும் வழியில் நானும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் இது செய்தித்தாளில் வரவேண்டிய சம்பவம்.

"சனிக்கிழமை அவனையும் அடியில படுக்க வெச்சுக் காட்டுங்களேன்" என்றாள் கடைசியில்.

"காட்டினா? அம்மாவுக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன், மாமாவுக்கும் முத்திப்போச்சுன்னு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போவான். அவன் கண்ணுக்கு ஒரு சாமான் வேணும். கையில எடுத்து, பாரு மாப்ள, இதுதான் கத்துச்சுன்னு காட்டணும்."

சொல்லி முடிக்கும்போதே யோசனை வந்துவிட்டது. பட்டறை மூலையில் பழைய சாமான் போடும் டிரம் ஒன்று இருக்கிறது. அதைக் கவிழ்த்து, விரிசல் விட்டுக் கெட்டியாகிப் போன புஷ் ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். யாருடைய வண்டியிலிருந்தோ திட்டிக்கொண்டே கழற்றியது. வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருக்கும், அதைப் பிடித்துவைக்கும் ரப்பர். வெள்ளிக்கிழமை அக்கா தையல் கடைக்குள் இருந்த நேரம் பார்த்து, அவளிடம் சொல்லாமல், அவள் வண்டியில் நல்லதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். முன் வலது பக்கம். பின் இடது மூலைக்குக் கையைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை, அதைத் தொழில்நுட்பக் காரணம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஊர்ல மத்த மெக்கானிக்கெல்லாம் தெரியாம செய்யறதை நீங்க தெரிஞ்சே செய்யறீங்க. அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்றாள் அவள். ஆனால் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

சனிக்கிழமை காலை அவன் வந்து இறங்கினான். அப்பாவின் உயரம், அப்பாவின் நெற்றி. அக்கா ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். அன்று அவள் பின் கதவைத் திறந்துவைத்து நிற்கவில்லை. மகன் பார்க்கிறான் என்ற பயம். நான் முன் இடது சீட்டில் உட்கார்ந்து, பழக்கத்தில் அதைப் பின்னால் தள்ளப் போனேன்.

"தள்ளாதே" என்றாள் அக்கா சட்டென்று.

அதனால் முழங்கால் இரண்டையும் மோவாய்க்கு முட்டுக்கொடுத்தபடி நான் பயணம் செய்தேன். அவன் பின்னால் வலது பக்கம் உட்கார்ந்திருந்தான்.

முதல் வேகத்தடையிலேயே என் புஷ் தன் திறமையைக் காட்டியது. கீச்! அடுத்ததில் இன்னும் அருமையாக. ஒரு கிழிந்த ஊதல் போல, கூச்சமே இல்லாமல்.

"கேட்டியா மாப்ள?" என்றேன். "குளிர்ல ரப்பர் விறைச்சுப் போனா இப்படித்தான். தனியா இருக்கிறவங்களுக்கு இந்தச் சத்தம் எப்படி எப்படியோ கேக்கும். மனுஷ மூளை அப்படி. புதுசு மாட்டினா முடிஞ்சுது."

அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். நம்ப விரும்புகிறவனின் முகம். "இதுதானா? இதுக்காகவா நான் தூங்காம இருந்தேன்? அம்மா, நீங்க சொன்ன சத்தம் இதானேம்மா?"

அக்கா ஒருமுறை தலையை ஆட்டியிருந்தால் போதும். வீடு அவளுடையது.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். மூடிக்கிடந்த கடைகளின் வரிசை. எங்கள் மூச்சு உள்ளே புகையாக அலைந்தது.

"இது இல்லடா" என்றாள். "இது முன்னால வருது. நான் சொன்னது பின்னால. இந்தச் சத்தம் நேத்து வரைக்கும் என் வண்டியில இல்லவே இல்ல. தம்பி, நீ என்னடா பண்ணி வெச்சிருக்கே என் வண்டியை?"

என் அக்கா சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். காப்பாற்றப் போகிறவனைக் கையோடு மாட்டிவிடுவாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் என் முழங்காலைப் பார்த்தேன். அது பக்கத்திலேயே இருந்தது.

"மாமா, நீங்களே எதையாவது மாட்டினீங்களா?"

"மாட்டினேன்."

"ஏன்?"

"அந்தச் சத்தம் நிஜமா வருது மாப்ள. நான் கேட்டேன். உங்க அத்தையும் இருந்தா. காரணம்தான் கிடைக்கலை, அதனால..."

"காரணம் கிடைக்கலை, ஏன்னா சத்தமே இல்ல." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இருந்திருந்தா நீங்க இப்படி ஒண்ணை மாட்டவேண்டிய அவசியமே வந்திருக்காது. அம்மா மேல உள்ள பாசத்துல செஞ்சீங்க, புரியுது. ஆனா இதுக்கு மேல அவங்களை இங்க தனியா விட்டா நான் மகனே இல்ல."

அவன் சொன்ன கணக்கில் ஓட்டையே இல்லை. நான் மாட்டிய ரப்பர் அவன் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

"நாளைக்குக் காலைல கிளம்புறோம்மா" என்றான். "ஸ்டேஷன்ல எங்களை விட்டுட்டு வண்டியை நீங்களே வெச்சுக்குங்க மாமா."

அக்கா வண்டியைத் திருப்பினாள். வீடு வரும்வரை ஒவ்வொரு மேட்டிலும் என் புஷ் கீச் கீச்சென்று என்னைக் காறித் துப்பிக்கொண்டே வந்தது. அன்று மதியமே அதைக் கழற்றி எறிந்துவிட்டு நல்லதை மாட்டினேன். வாசலில் நான் நட்டு முறுக்கிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. எத்தனையோ சத்தங்களைப் போக்கியிருக்கிறேன். அதை எப்படிப் போக்குவது என்று தெரியவில்லை.

மறுநாள் குளிர் முன்னெப்போதையும்விடக் கடுமையாக இருந்தது. காற்று இல்லை. தெருவில் ஒரு பறவைகூட வாயைத் திறக்கவில்லை. நானும் மனைவியும் போனபோது அக்கா கதவருகே கோட்டுப் போட்டு, தலைக்குத் துண்டு கட்டி, சாவியைக் கையில் பொத்திக்கொண்டு நின்றாள். முகம் கழுவித் துடைத்த சுவர் போல இருந்தது.

அவள் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தையல் மெஷின் கூட வரவேண்டும். இரும்பில் செய்த பழைய மெஷின். நானும் மருமகனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி டிக்கியில் வைத்தோம். டிக்கி நிறைந்துவிட்டது. என் முதுகும் ஒரு மாதிரி முடிந்துவிட்டது.

நான் முன்பக்கம் போய்க் கண்ணாடிப் பனியைச் சுரண்டினேன். மனைவி அக்காவின் பக்கத்தில் போய் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்கிற ரகம் அல்ல அவள்.

அவன் அம்மாவின் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். டிக்கியில் இடமில்லாததால் பின் சீட்டில் வைக்க, இடது பக்கக் கதவைத் திறந்தான். பெட்டியைத் தூக்கினான்.

தெரிந்து செய்யவில்லை. எதற்கும் காத்திருக்கவுமில்லை. கதவைத் திறந்தான், அவ்வளவுதான்.

க்ர்ர்.

நான் சுரண்டுவதை நிறுத்தினேன். சுரண்டிய இடத்தின் வழியாக உள்ளே தெரிந்தது. சீட்டின் துணி மெல்லக் குழிந்தது. முதலில் ஓரத்தில், பிறகு நடுவில். சாய்வுப் பகுதி லேசாகப் பின்னால் போனது. வண்டியின் அந்த மூலை இறங்க, திறந்திருந்த கதவும் கூடவே இறங்கி அவன் இடுப்பில் மெதுவாக இடித்தது.

டொக்.

அவன் பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றான். அவன் கண் சீட்டின் மேல் இருந்தது. பிறகு கீழே, முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே கால் நீட்டும் இடத்துக்குப் போனது. அங்கே விரித்திருந்த மிதியடியின் ஓரம் மடங்கி, திரும்பவும் படிந்தது.

பனிக் கண்ணாடியில் வைத்த என் விரல்கள் மரத்துப்போயின.

அவன் பெட்டியை இறக்கிப் பனித்தரையில் வைத்தான். அதைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தான்.

"மாமா" என்றான். "இங்க பெட்டி வைக்க இடம் இல்ல."

"டிக்கியில..." என்று ஆரம்பித்தேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"டிக்கியில அம்மாவோட மெஷின் இருக்கு."

"அப்போ?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. உள்ளேயேதான் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாத முகம் அது. டிக்கியிலிருந்து வெளியே வந்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும், அழகு மட்டும் கொஞ்சம் குறைவாக.

"அப்போ மெஷினையும் இறக்கிடலாம்" என்றான். "எல்லாத்தையும் உள்ளேயே வெச்சுடலாம்."

கதவை அவன் சாத்தவில்லை. சாத்தலாமா கூடாதா என்று தெரியாதவன் போலக் கையை எடுத்துவிட்டான். அக்கா வந்து, அவனைத் தாண்டிக் கைநீட்டி, வழக்கமான ஒரு வேலையைச் செய்கிறவளைப் போல மெதுவாகச் சாத்தினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் துண்டின் முனையால் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"டிரெயினுக்கு நேரமாகலையா?" என்றாள் என் மனைவி, வேண்டுமென்றே.

"நான் மட்டும்தான் அத்தை போறேன். அடுத்த வண்டியில போய்க்கறேன். அம்மா கொண்டுவந்து விடுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நான் வலது பக்கம் உக்காந்துக்கறேன்" என்றான்.

டிக்கியைத் திறந்து மெஷினை இறக்கினோம். முதல் தடவையைவிடக் கனமாக இருந்தது, அல்லது நான் அதற்குள் இன்னும் கொஞ்சம் கிழவனாகியிருந்தேன். வாசல்படிக்குப் போகும் வழியில் இரண்டு முறை கீழே வைத்து மூச்சு வாங்கினேன். இரண்டு முறையும் நாங்கள் இருவரும் திரும்பி வண்டியைப் பார்த்தோம். அது வாசலில், இடது பின் மூலை சற்றே தணிந்து, சத்தமில்லாமல் நின்றது.

"அங்க என்ன வேடிக்கை?" என்றாள் அக்கா, சாவியை ஆட்டியபடி. குரல் பழையபடி ஆகிவிட்டது. "சீக்கிரம் வெச்சுட்டு வாங்கடா ரெண்டு பேரும். ரொம்ப நேரம் உக்கார வெச்சா இந்தக் குளிர்ல அவருக்குக் கால் மரத்துப்போகும்."

நேற்று இதைக் கேட்டிருந்தால் அவன் டாக்டருக்குப் போன் செய்திருப்பான்.

"இதோ வந்துட்டோம்மா" என்றான். குனிந்து மெஷினைத் தன் பக்கம் தூக்கிக்கொண்டு, என் முதுகைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல், வீட்டை நோக்கி நடையை எட்டிப் போட்டான்.